சலூன் கண்ணாடியில் தங்கிவிட்டவள்

கண்ணாடி இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிக் காட்டுகிறது என்று உலகத்தில் பெரும்பாலானோர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். படிக்காதவர்கள் நம்பினால் மன்னிக்கலாம். படித்தவர்களும் நம்புகிறார்கள், மேடையில் ஏறி உவமையாகவும் சொல்கிறார்கள். இது பாரதூரமான தவறு. இதைத் திருத்தாமல் இந்தக் கதையில் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. வடக்கே பார்த்தபடி கண்ணாடியின் முன் நின்று கிழக்குப் பக்கத்துக் கையைத் தூக்குங்கள். கண்ணாடியிலும் கிழக்குப் பக்கத்துக் கைதான் எழும்பும். மேல் மேலேயே இருக்கிறது, கீழ் கீழேயே இருக்கிறது, கிழக்கு கிழக்கிலேயே இருக்கிறது. கண்ணாடி புரட்டுவது ஒன்றே ஒன்றைத்தான்: முன்னைப் பின்னாக்குகிறது. நீங்கள் வடக்கே பார்த்தால் உள்ளே இருப்பவர் தெற்கே பார்க்கிறார். ஆகவே வெளியே நிற்பவருக்குப் போகும் திசை எதுவோ அதுவே உள்ளே நிற்பவருக்கு வரும் திசை. இதை அற்பமான வித்தியாசம் என்று சொல்பவர்கள், கிறோவோக் என்ற ஊரில் பவளராணிக்கு நேர்ந்ததைக் கேள்விப்படாதவர்கள்.

கிறோவோக் நோர்வே நாட்டின் வட விளிம்பில் இருக்கிறது. வரைபடத்தில் அதைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடலில்தான் விரலை வைப்பார்கள். ஒரு துறைமுகம், ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு தேவாலயம், ஒரு கூட்டுறவுக் கடை, ஒரு சலூன் என்று எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டு, இரண்டாவது எதுவும் தேவையில்லை என்று எண்ணுகிற ஊர் அது. மார்கழி முழுவதும் அங்கே சூரியன் எழும்புவதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் மீன் நாற்றம் பிடிக்காமல் தெற்கே போய்விட, மீன் வெட்டக் கை தேவைப்பட்ட ஊருக்கு, கால் வைக்க ஊர் தேவைப்பட்ட நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து போய்ச் சேர்ந்தோம். தாங்கள்தான் மற்றத் தரப்புக்கு உதவி செய்ததாக இரண்டு தரப்பும் நினைத்துக்கொண்டன. பகை அங்கேயே தொடங்கிவிட்டது.

சலூனை நடத்தியவள் குன்வோர். அகன்ற தோள்களும் சிறிய கத்தரிக்கோலும் கொண்டவள். சிரிப்பதைச் செலவாக எண்ணுபவள். அவளுக்கும் எங்களுக்கும் ஆரம்பத்திலிருந்தே சரிவரவில்லை. முதலில் நாங்கள் சலூனுக்குப் போகாதது குற்றமாக இருந்தது. சமையலறைக் கதிரையில் ஒருவர் தலையை ஒருவர் வெட்டித் தன் தொழிலைக் கெடுக்கிறார்கள் என்றாள். பிறகு நாங்கள் போனது குற்றமாகியது. ஒருவருக்குத் தலைமயிர் வெட்டுவதென்றால் துணைக்கு மூன்று பேர் போவது எங்கள் வழக்கம். துணைக்குப் போனவர்கள் காத்திருக்கும் கதிரைகள் எல்லாவற்றிலும் அமர்ந்து பிஸ்கட் சாப்பிட, நேரம் குறித்து வந்த உள்ளூர்க்காரர்கள் பனிக்குள் நின்றார்கள். "அடுத்தது யார்?" என்று குன்வோர் கேட்டால் மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் தலையாட்டல் மேலும் கீழுமாகவும் போகாது, பக்கவாட்டிலும் போகாது, இரண்டுக்கும் நடுவே மிதக்கும் என்பது தெரிந்ததே. எங்களுக்கு அது சம்மதம், அவர்களுக்கு அது மறுப்பு. சலூன் கதிரையில் அமர்ந்தபடி அப்படி ஆட்டுவது எத்தனை ஆபத்தானது என்பதற்குத் தமிழர் ஒன்றியத்தின் தலைவர் ஞானச்சந்திரனின் இடது காது மடல் சாட்சி.

"கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகச் சிரிக்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்று கூட்டமாகவே சொல்லாமல் போகிறார்கள்" என்று குன்வோர் கூட்டுறவுக் கடையில் பாலும் பாணும் வாங்கும்போது சொல்வாள். எங்கள் பெண்கள் அரிசிப் பைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டு, அவளைப் பற்றித் தாங்கள் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிக்கொள்வார்கள்.

பவளராணி இந்தப் பகைக்குள் வேண்டுமென்று போகவில்லை. மீன் தொழிற்சாலையின் வாசலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. வெள்ளை அங்கி போட்டு, தலைவலை மாட்டி, ஒரு மயிரும் வெளியே தெரியவில்லை என்று அந்தக் கண்ணாடியில் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் யாரும் உள்ளே போகலாம். பவளராணியின் கூந்தல் இடுப்புக்குக் கீழே விழுவது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வலைக்குள் அடங்காது. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் உறைந்த மீன் பொதியைப் பிரித்தபோது உள்ளே நீண்ட கறுப்பு மயிர் ஒன்று இருந்ததாம். மேற்பார்வையாளர் ஸ்வேர்ரே அவளைக் கூப்பிட்டு, "தோள் வரை வெட்டு, இல்லாவிட்டால் வராதே" என்றான். கணவன் குகநேசனின் தோள்மூட்டு மீன் பெட்டி தூக்கித் தூக்கித் தேய்ந்துபோய் அவன் வீட்டிலிருந்த காலம் அது. அவள் வேலையில் இருந்தால்தான் இருவருக்கும் அந்த நாட்டில் இருக்க அனுமதி. ஆகவே அவள் குன்வோரிடம் போய்க் கூந்தலைக் கொடுத்தாள். துணைக்குப் புனிதமக்கா போனாள்.

புனிதமக்கா எங்கள் எல்லோருடைய வீட்டுக் காரியங்களையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டிருந்தவள். குன்வோர் கறுப்புத் துணியைப் பவளராணியின் கழுத்தைச் சுற்றிக் கட்டி, ஒரு பக்கத்துக் கூந்தலைத் தோள் வரைக்கும் வெட்டி முடித்து, மறுபக்கத்தைச் சீப்பில் எடுத்தபோது, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த புனிதமக்காவின் வாய் நின்றது.

"பவளம், நேற்று நான் கோழி சமைச்சனான் எல்லே?"

"ஓமக்கா, எங்களுக்கும் தந்தனீங்கள்."

"நாளைக்கு விரதம், மச்சம் ஏலாது எண்டுதானே நேற்றுச் சமைச்சு முடிச்சனான்? எண்டால் இண்டைக்கு வெள்ளிக்கிழமையடி! எழும்பு, எழும்பு!"

"ஐயோ அக்கா, பாதி போட்டுது!"

"மிச்சப் பாதியாவது மிஞ்சட்டும். வெள்ளிக்கிழமை பொம்பிளை தலைமயிர் வெட்டினால் அந்த வீடு விளங்குமே? சூரியனைக் காணாத நாட்டிலை கிழமையை எப்பிடி அறியிறது! எழும்படி!"

பவளராணி எழும்பினாள். குன்வோரின் கத்தரிக்கோல் காற்றில் நின்றது. "என்ன பிழை? என் கையில் என்ன பிழை?" என்றாள் குன்வோர். பவளராணிக்கு அந்த நாட்டு மொழியில் மீனின் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் பெயர் தெரியும். வெள்ளிக்கிழமையின் மகிமையைச் சொல்லத் தெரியாது. "நல்லது, மிக நல்லது, இன்று இல்லை" என்றாள். கழுத்துத் துணியை அவிழ்த்துக் கதிரையில் வைத்தாள். குன்வோரின் முகம் சிவப்பதைக் கண்டு, கோபித்தவரிடம் இன்னும் பணிவாக விடைபெற வேண்டும் என்ற எங்கள் முறைப்படி, கதவடியில் நின்று, எங்களில் எவரும் எந்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதும் சொல்வதை அந்த நாட்டு மொழியில் சொன்னாள்: "போய்விட்டு வருகிறேன்."

"எப்போது?" என்றாள் குன்வோர்.

பவளராணி தலையை ஆட்டினாள். கதவு சாத்திக்கொண்டது.

குன்வோர் தரையைக் கூட்டினாள். நீண்ட கறுப்புக் கூந்தலைக் குப்பைக் கூடைக்குள் திணித்துவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடியில் பவளராணி இருந்தாள். ஒரு பக்கம் தோள் வரையும் மறுபக்கம் இடுப்புக்குக் கீழேயும் கூந்தல் தொங்க, கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியோடு, மடியில் கை கோத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்று முடியாது, இன்னொரு நாளைக்கு நேரம் குறி" என்று சொல்லிக்கொண்டே குன்வோர் திரும்பினாள். கதிரையில் மடித்து வைத்த துணிதான் இருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். பவளராணி பணிவாகத் தலையை ஆட்டினாள்.

கிறோவோக் மக்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். இப்படியும் நடக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நேரம் குறிக்காமல் இருக்கிறாளே என்றுதான் கேட்டார்கள். அந்தக் கதிரையில் அமர்ந்தவர்கள் தங்கள் முகத்துக்குப் பக்கத்தில் அவள் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. விம்பம் எங்கள் வளர்ப்பு அல்லவா, யாராவது வந்து அமர்ந்தால் பஸ்ஸில் போல ஒடுங்கி ஓரமாகத் தள்ளி இடம் கொடுத்தது. அந்தப் பணிவுதான் அவர்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "என் தலையை மட்டும் பார்க்கத்தான் நான் இங்கே வருகிறேன்" என்று ஒரு மீன்பிடிப் படகுச் சொந்தக்காரர் பாதிச் சவரத்தில் எழுந்து போனார். குன்வோர் கண்ணாடியைக் கழற்றப் பார்த்தாள்; அது அவள் தகப்பன் காலத்தில் சுவரோடு சேர்த்துப் பதித்தது, வரவில்லை. துவாயால் மூடினாள், மூடிய துவாயின் பின்னால் யாரோ பொறுமையாகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் அதையே திரும்பித் திரும்பிப் பார்த்து ஒரு கிழவியின் புருவத்தைப் பாதி எடுத்துவிட்டாள். உள்ளூர்ப் பத்திரிகையில், நம் கண்ணாடிகள் நமக்கே என்ற தலைப்பில் ஒருவர் எழுதினார். தேவாலயத்தின் பாதிரியார் நேரில் வந்து, "மகளே, இங்கிருந்து போக விரும்புகிறாயா?" என்று கேட்டார். விம்பம் தலையை ஆட்டியது. "மறுக்கிறாள்" என்றார் பாதிரியார். கூட நின்ற ஞானச்சந்திரன், "இல்லை, சம்மதிக்கிறாள்" என்றார். இந்தப் பிணக்கு இன்றைக்கும் தீரவில்லை.

எங்கள் ஆட்களும் கும்பல் கும்பலாகப் போய்ப் பார்த்தார்கள். பவளராணி வீட்டில் இருக்கிறாள், நடந்து ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். அவள் வீட்டுக்கு அவ்வளவாகப் போகாதவர்கள்கூட அவள் விம்பத்தைப் பார்க்கப் பனிக்குள் வரிசையில் நின்றார்கள். புனிதமக்கா கண்ணாடிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "பொம்பிளைப் பிள்ளைக்கு ஊரான் வீட்டிலை என்னடி இருப்பு? வீட்டை வா!" என்று அதட்டினாள். விம்பம் சிரித்து, மணிக்கூட்டைக் காட்டியது. இன்னும் தன் முறை வரவில்லை என்பது அதன் எண்ணம்.

பவளராணிக்கோ முகம் இல்லாமல் போயிருந்தது. குளியலறைக் கண்ணாடியில் துவாய் தெரிந்தது, பின்சுவர் தெரிந்தது, அவள் தெரியவில்லை. தேநீர்க் கோப்பையில் பார்த்தாள், கூரைதான் தெரிந்தது. பொட்டைக் கையால் தடவிக் குறித்து வைத்தாள். அது ஒரு நாள் புருவத்துக்கு மேலும் ஒரு நாள் மூக்கின் வேரிலும் இறங்கியது. "ஆளைப் போலத்தான் பொட்டும், கோணல்" என்று பெண்கள் கண் காட்டிக்கொண்டார்கள். குகநேசன் நேராக்கிவிட வந்தால், "உங்கடை கையும் கோணல்தான்" என்று தட்டிவிட்டாள்.

ஆனால் பொட்டுக் கோணினால் யாரும் நாட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள். தொழிற்சாலையின் வாசல் கண்ணாடிதான் அவளை நிறுத்தியது. திங்கட்கிழமை அவள் அங்கியும் தலைவலையும் போட்டுக் கண்ணாடியின் முன் நின்றாள். ஸ்வேர்ரே கண்ணாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி கண்ணாடியைப் பார்த்தான்.

"நான் உன்னைக் காணவில்லை" என்றான்.

"நான் இங்கே" என்றாள் அவள்.

"விதி இதுதான்: ஒவ்வொருவரும் தன்னைக் கண்ணாடியில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நீ எதைப் பார்த்து உறுதிசெய்வாய்?" அவளுடைய வெட்டாத பக்கத்துக் கூந்தல் வலைக்கு வெளியே பாம்பாகத் தொங்குவதை விரலால் காட்டினான். "போய் முகத்தோடு வா. பனி இளகும் மாதம் வரை இடத்தை வைத்திருப்பேன். அதற்குப் பிறகு வேறு ஆள்."

பனி இளகும் மாதத்தில்தான் அவர்களுடைய இருப்பு அனுமதியும் முடிவதாக இருந்தது.

மறுபக்கத்தை வீட்டிலேயே வெட்டிவிடலாமே என்று குகநேசன் சொல்லிப் பார்த்தான். கத்தரிக்கோலைத் தூக்கினான், அந்தக் கூந்தலில் கத்தரிக்கோல் ஏறவில்லை, கம்பியை வெட்டுவது போல வழுக்கியது. பாதியில் நிற்பது சலூனில் நிற்கிறது, வீட்டில் எப்படி முடியும் என்று புனிதமக்கா விளக்கம் சொன்னாள். வெள்ளிக்கிழமை என்று எழுப்பிவிட்டவள் நீதானே என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது பவளராணி தமக்கை தவராணியிடம் அழுதாள். "பெரியக்கா, என்ரை முகம் எப்பிடி இருந்தது எண்டே மறந்து போச்சு."

"இதுக்கேனடி அழுறாய்? உன்ரை முகத்தை நாங்கள் நாளும் பாக்கிறம்தானே" என்றாள் தவராணி. சுவரில் மாட்டிய படத்தைச் சொல்கிறாள் என்று பவளராணி நினைத்துக்கொண்டாள்.

தமிழர் ஒன்றியம் பாடசாலை மண்டபத்தில் கூடியது. பருத்தித்துறைக்காரர் ஒரு பக்கமும் தீவுக்காரர் ஒரு பக்கமும் அமர்வது போல, இப்போது விம்பத்தைக் குற்றம் சொல்பவர்கள் ஒரு பக்கமும் பவளராணியைக் குற்றம் சொல்பவர்கள் ஒரு பக்கமும் அமர்ந்தார்கள். குன்வோரைக் குற்றம் சொல்வதில் இரு பக்கமும் ஒன்றாக இருந்தன. நெடுநேரம் கத்திய பிறகு, பின்வரிசையில் இருந்து பவளராணி எழும்பினாள்.

"அது நான் சொன்ன சொல்லிலை இருக்கு. வாறன் எண்டு சொன்னன், இருக்கு. போறன் எண்டு சொன்னால் எழும்பி வரும்."

எங்களில் எவரும் எந்தப் படலையிலும் அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னதில்லை. கடைக்குப் போனாலும் கடல் கடந்து போனாலும் வருவதைச் சேர்த்தே சொல்வோம். வெறுமனே போறன் என்பது பாடையில் போகிறவருடைய பேச்சு.

"வாயைக் கழுவடி!" என்றாள் புனிதமக்கா. "அந்தச் சொல்லை வாயாலை சொல்லிப்போட்டு எந்த வீட்டுக்குள்ளை கால் வைக்கப் போறாய்?"

"இஞ்சை வேலை போனால் எந்த வீட்டுக்குள்ளை வைக்கிறது? நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

"தங்கச்சி, ஒன்றியம் இருக்கேக்கை நீர் தனிய முடிவெடுக்கக் கூடாது" என்றார் ஞானச்சந்திரன், காது மடலைத் தடவிக்கொண்டு. பிறகு குகநேசன் போய்க் குன்வோரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. இத்தனை நாளும் அவன் ஏன் போகவில்லை என்று இரு பக்கமும் அவனைத் திட்டிவிட்டுக் கலைந்தன.

குகநேசன் ஒரு பெட்டி வடையோடு போனான். குன்வோர் பெட்டியைத் திறக்கவில்லை.

"உன் மனைவி வருவேன் என்று சொன்னாள். வரவில்லை. அவள் பொய்க்காரியா?"

"இல்லை. எங்கள் நாட்டில் போகும்போது அப்படித்தான் சொல்வது."

"எல்லோருமா?"

"எல்லோரும்."

"பிறகு வருகிறவரையும் வராதவரையும் எப்படிப் பிரித்து அறிவீர்கள்?"

குகநேசன் யோசித்தான். "காத்திருந்து" என்றான்.

குன்வோர் கத்தரிக்கோலைத் துடைத்தாள். "இந்த ஊரில் ஆட்கள் கடலுக்குப் போகிறார்கள். வருவேன் என்று சொன்னவன் வருவான், அல்லது மூழ்கியிருப்பான். மூன்றாவது வகை ஒன்றை நாங்கள் வைத்திருப்பதில்லை. அதோ பார், அந்த மூன்றாவது வகை என் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. என் வாடிக்கையாளர் பாதிப்பேர் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். உண்மையாகவே போய்விடும்போது நீங்கள் என்னதான் சொல்வீர்கள்?"

"ஒன்றும் சொல்ல மாட்டோம்" என்றான் குகநேசன். கண்ணாடிக்குள் அவன் மனைவி அவனைப் பார்த்தாள். அவன் வருவதைக் கண்டு கொஞ்சம் தள்ளி இடம் விட்டிருந்தாள். அவன் விம்பம் அந்த இடத்தில் நின்றது. வீட்டில் அவள் அவனுக்கு அப்படி இடம் விட்டு நாளாகிறது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் வெளியே வந்தான். கதவடியில் பழக்கத்தில் வாய் திறந்தவன், குன்வோர் விரலை உயர்த்துவதைக் கண்டு, மூடிக்கொண்டான்.

பனி கூரைகளிலிருந்து சொட்டத் தொடங்கியது. ஸ்வேர்ரே ஒரு புது ஆளை வாசல் கண்ணாடியின் முன் நிறுத்தி வலை மாட்டப் பழக்குவதாகச் செய்தி வந்தது. அன்று பின்னேரம் பவளராணி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஒருவரையும் துணைக்குக் கூப்பிடாமல் சலூனுக்கு நடந்தாள். துணையில்லாமல் அந்தக் கதவைத் திறந்த முதல் தமிழ் ஆள் அவள்தான். அன்று வெள்ளிக்கிழமை, இந்த முறை அவளுக்கு அது தெரிந்திருந்தது.

"கடைசியில் வந்துவிட்டாயா?" என்றாள் குன்வோர்.

"நான் வருவதற்கு வரவில்லை" என்றாள் பவளராணி, அந்த நாட்டு மொழியில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "நான் போவதற்கு வந்தேன்."

குன்வோர் அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். ஒரு பக்கம் தோளோடு நின்று மறுபக்கம் இடுப்புக்குக் கீழே விழும் அந்தத் தலை, இத்தனை மாதமாகத் தன் பெயரைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் திரிந்திருக்கிறது என்ற எண்ணம் அவளுக்கு அப்போதுதான் வந்திருக்க வேண்டும். "முதலில் உட்கார்" என்றாள். "இதை இப்படியே வெளியே விட மாட்டேன். தலையை ஆட்டாதே."

பவளராணி அமர்ந்தாள். கண்ணாடிக்குள் இருந்தவள் இந்த முறை தள்ளி இடம் விடவில்லை. இருவரும் நேருக்கு நேர் இருந்தார்கள். தன் முகத்தைப் பவளராணி உற்றுப் பார்த்தாள். காத்திருந்ததில் அது கொஞ்சம் வயது கூடியிருந்தது, பொட்டு மட்டும் நடுவில் நேராக இருந்தது. கத்தரிக்கோல் கூந்தலில் ஏறியது, வழுக்காமல் வெட்டியது. வெளியேயும் உள்ளேயும் ஒரே நேரத்தில் மறுபக்கக் கூந்தல் விழுந்தது. குன்வோர் பின்கழுத்தைத் தூரிகையால் அடித்துத் தட்டினாள், தூசு தட்டுவது போல.

பவளராணி எழும்பினாள். கண்ணாடிக்குள் இருந்தவள் எழும்பவில்லை. மடியில் கை கோத்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

பவளராணி கதவடிக்கு நடந்தாள். கதவைத் திறந்து, குளிர் உள்ளே வர, திரும்பி நின்று, தமிழில், வருவதைச் சேர்க்காமல் சொன்னாள்:

"போறன்."

கண்ணாடி முன்னைப் பின்னாக்கும் என்பதை ஏற்கெனவே சொல்லியாயிற்று. இங்கே அந்தச் சொல் போனது. அங்கே அது வந்தது. உள்ளே இருந்தவள் கறுப்புத் துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு எழும்பினாள். குன்வோருக்குத் தலையை ஆட்டினாள். கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி நடந்து, பக்கத்துக் குளிர்பானப் பெட்டியின் கண்ணாடிக் கதவில் ஒரு கணம் தெரிந்து, யன்னலில் தெரிந்து, திறந்த கதவின் கண்ணாடியில் பவளராணியோடு பவளராணியாகச் சேர்ந்துகொண்டாள். சுவர்க் கண்ணாடியில் குன்வோர் மட்டும் மிஞ்சினாள், தன் முழு அகலத்தோடு.

திங்கட்கிழமை தொழிற்சாலை வாசலில் பவளராணி தலைவலையை மாட்டிக் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு மயிரும் வெளியே இல்லை. ஸ்வேர்ரே புது ஆளைப் பெட்டி தூக்கும் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, "கத்தி அங்கே" என்றான். அனுமதி புதுப்பிக்கப்பட்டது.

எங்கள் ஆட்கள் அவளை மன்னிக்கவில்லை. புனிதமக்கா தெருவில் அவளைக் கண்டால் மறுபக்கத்துக்குப் போனாள். யார் வீட்டுக்காவது அவள் போனால், எழும்பும்போது அந்த வீட்டார் முந்திக்கொண்டு சத்தமாக வேறு கதை பேசி, அவள் வாய் திறக்குமுன் வாசலில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். போதாததற்குக் குன்வோர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். எங்களை மரியாதையாக அனுப்பிவைக்கும் சொல் அதுதான் என்று முடிவுசெய்து, கூட்டுறவுக் கடையில் எந்தத் தமிழரைக் கண்டாலும் பால் போத்தலை உயர்த்தி, கடை முழுக்கக் கேட்க, "போறன்!" என்றாள். ஞானச்சந்திரன் அரிசியை வைத்துவிட்டு ஓடினார். "எங்களைச் சாகச் சொல்லுறாள்" என்றார்கள் எங்கள் பெண்கள். "பதிலுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லத் தெரியாதவர்கள்" என்றாள் குன்வோர். பவளராணி மட்டும் அவளுக்குப் பதில் சொன்னாள், அதே சொல்லை, அதே சத்தத்தில். அதன் பிறகு அவள் அந்தச் சலூனுக்குப் போகவில்லை. போவதாக யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்தச் சொல்லைச் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவராணி, வழக்கத்துக்கு மாறாக, தானே தொலைபேசி எடுத்தாள்.

"உங்கை ஏதும் நடந்ததோடி?"

"இல்லைப் பெரியக்கா, எல்லாம் சரியாப் போச்சு. ஏன்?"

"சும்மாதான் கேட்டன்" என்றாள் தவராணி. பிறகு வெயிலைப் பற்றிச் சொன்னாள், பிள்ளைகளின் சோதனை முடிவுகளைச் சொன்னாள். தொலைபேசியை வைக்கப்போகும்போது, வெள்ளிக்கிழமை தொடக்கம் நடு அறை அலுமாரிக் கண்ணாடியில் தங்கள் முகம் மட்டும்தான் தெரிகிறது என்றாள். பவளராணி ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்றிலிருந்து அதற்குள் நின்ற இரட்டைப் பின்னலைக் காணவில்லையாம். இத்தனை வருசமும் ஓரமாகத் தள்ளி நின்று சீப்பால் தலை இழுத்துப் பழகிவிட்டதால், தான் இன்னும் ஓரமாகத்தான் நிற்பதாகவும் சொன்னாள்.